பஸ்காவும் ஏழு நாள் புளிப்பில்லாத அப்பமும்: மேசியானிய விசுவாசிகள் வீட்டில் ஆசரிக்கும் முறை

யேசுவாவை (இயேசுவை) மேசியாவாக ஏற்று யூதப் பண்டிகைகளை ஆசரிக்கும் மேசியானிய விசுவாசிகளில், பஸ்காவைப் புதிதாக ஆசரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தோராவின் (மோசேயின் ஐந்து நூல்களின்) கட்டளை, ரபிமாரின் (யூத மத போதகர்களின்) மரபு, மேசியாவை வைத்து நாம் காணும் பொருள் ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கப் பார்க்கிறார்கள். முதல் ஆண்டிலேயே களைத்துப்போய் அடுத்த ஆண்டு விட்டுவிடுகிறார்கள். மூன்றையும் பிரித்து வைத்துக்கொண்டால் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பது தெளியும்.

கட்டளை சுருக்கமானது. யாத்திராகமம் 12, லேவியராகமம் 23, உபாகமம் 16 ஆகியவற்றை ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். எபிரெய முதல் மாதமான நிசான் 14 மாலையில் பஸ்கா. 15 முதல் 21 வரை ஏழு நாள் புளிப்பில்லாத அப்பம். அந்த நாட்களில் வீட்டில் புளித்தமா இருக்கக் கூடாது. முதல் நாளும் ஏழாம் நாளும் பரிசுத்த சபைகூடும் நாட்கள். சாப்பாட்டுக்கு வேண்டியதைத் தவிர வேறு வேலை இல்லை. எகிப்திலிருந்து புறப்பட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நான்கு பாத்திரம் திராட்சரசம், செடர் என்னும் பஸ்கா விருந்தின் தட்டு, ஒளித்துவைக்கும் அப்பம், எலியாவின் பாத்திரம் எல்லாம் பின்னால் வளர்ந்த மரபு. நல்ல மரபுதான், ஆனால் அதில் ஒன்று விடுபட்டால் பஸ்கா கெட்டுவிடாது.

நாளைக் குறிப்பது

எபிரெய நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. நாட்காட்டியில் "பஸ்கா, ஏப்ரல் 2" என்று போட்டிருந்தால் விருந்து ஏப்ரல் 1 இரவு என்று பொருள். இதைக் கவனிக்காமல் ஒரு நாள் தள்ளி மேசை போடுகிறவர்கள் உண்டு. 2026இல் செடர் இரவு ஏப்ரல் 1 புதன்; ஏழாம் நாள் ஏப்ரல் 8 மாலையில் முடிகிறது. 2027இல் ஏப்ரல் 21 புதன் இரவு. இஸ்ரவேலுக்கு வெளியே வாழும் யூதர்களில் பெரும்பாலோர் இரண்டு செடர் வைத்து எட்டு நாள் ஆசரிக்கிறார்கள். அது பழங்காலத்தில் பிறை கண்ட செய்தி தூரதேசங்களுக்குச் சேரத் தாமதமானதால் வந்த ஏற்பாடு. தோராவில் இருப்பது ஏழு நாள்.

யூதர்களின் கணித நாட்காட்டி 19 ஆண்டுச் சுற்றில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுகிறது. நிசான் 15 திங்கள், புதன், வெள்ளியில் வராதபடியும் அது அமைக்கப்பட்டிருக்கிறது. சில குழுக்கள் இதை ஏற்காமல் இஸ்ரவேலில் பிறை கண்டதையும் வாற்கோதுமை விளைந்ததையும் வைத்துக் கணக்கிடுகின்றன. அவர்களுடைய தேதி ஒரு நாளோ ஒரு மாதமோ மாறலாம். 14 தொடங்கும் இரவிலேயே, அதாவது ஒரு நாள் முன்னதாகவே, விருந்தை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வாதம் உங்கள் வீட்டில் தீரப்போவதில்லை. நீங்கள் கூடும் சபை எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு தேதியில் தனியாக உண்பதைவிட அது மேல்.

புளிப்பை நீக்குவது

ரபிமார் வரையறையில் ஹாமேட்ஸ், அதாவது தவிர்க்க வேண்டிய புளிப்பு, ஐந்து தானியங்களிலிருந்துதான் வரும்: கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ். இவற்றின் மாவில் தண்ணீர் பட்டு, சுடாமல் 18 நிமிடம் சும்மா கிடந்தால் புளித்ததாகக் கணக்கு. ரொட்டி, கேக், பிஸ்கட், பாஸ்தா, நூடுல்ஸ், ரொட்டித்தூள், பீர், மால்ட் சேர்ந்த பானங்கள், கோதுமை சேர்த்துச் செய்த சோயா சாஸ் எல்லாம் வெளியே போக வேண்டும். திராட்சரசம் நொதித்தாலும் ஹாமேட்ஸ் அல்ல. அது தானியம் இல்லை. சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ரபிமார் கணக்கில் தாமாகப் புளித்தமா ஆகா. ஆனால் மேசியானியக் குடும்பங்கள் பலவும் மாவை உப்பவைக்கும் எதையும் ஏழு நாளுக்கு வீட்டில் வைப்பதில்லை. பிள்ளைகளுக்கு விளக்க அது எளிது.

அரிசி, பருப்பு, சோளம் இந்த ஐந்தில் சேரா. மத்திய, கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் இவற்றையும் தவிர்த்தார்கள்; ஸ்பெயின் வழிவந்த செபார்தி யூதர்களில் பலர் உண்கிறார்கள். கன்சர்வேடிவ் யூதப் பிரிவின் சட்டக்குழு 2015இல் இவற்றை அனுமதித்தது. தோராவில் தடை இல்லை என்பதால், மரபு ஒன்றைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர்கள் தவிர மற்றவர்கள் தயங்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்யும் வேலையை இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். படுக்கையறையிலும் வரவேற்பறையிலும் ஆரம்பித்துச் சமையலறையைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே சமையலறையைத் துடைத்துவிட்டால் நான்கு நாளில் மறுபடியும் துகள் சேர்ந்துவிடும். விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் இவைதான்: ரொட்டி வாட்டும் கருவியின் அடித்தட்டு, பள்ளிப்பை, கார் இருக்கை இடுக்கு, சோபா மெத்தைக்கு அடி, மேல்சட்டைப் பை, குழந்தை நாற்காலியின் மடிப்பு, வளர்ப்பு விலங்குகளின் தீவனம். அதே நேரம் தூசு வேறு, ஹாமேட்ஸ் வேறு. மின்விசிறி துடைப்பதும் திரைச்சீலை துவைப்பதும் பஸ்கா வேலை அல்ல. செடர் மேசையிலேயே தாய்மார்கள் தூங்கிவிழுவதற்கு இந்தக் குழப்பம்தான் பெரும்பாலும் காரணம்.

நிசான் 14 தொடங்கும் இரவில், அதாவது செடருக்கு முந்தின இரவில், கடைசித் தேடல். விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏந்தி, மரக்கரண்டியும் இறகும் வைத்துத் தேடுவது மரபு. தேடல் வெறுமையாகிவிடாதபடி பத்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி முன்பே ஒளித்துவைப்பார்கள். எங்கெங்கே வைத்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது மட்டும் அகப்பட்ட இரவு நீளமானது. கண்டெடுத்ததை மறுநாள் முற்பகலில் எரித்துவிட்டு, கண்ணுக்குத் தப்பிய புளிப்பு எதுவும் இனி எனக்குச் சொந்தமில்லை, அது மண்ணின் தூசுக்குச் சமம் என்று அறிக்கையிடுவார்கள். 1 கொரிந்தியர் 5:6-8 வாசிக்க இதைவிடப் பொருத்தமான வேளை இல்லை.

மத்சா சுடுவது

மத்சா என்பது புளிப்பில்லாத அப்பம். கடையில் வாங்குவதானால் பெட்டியின் மேல் "பஸ்காவுக்கு உகந்தது" என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு முழுவதும் விற்கும் மத்சா எல்லாமே பஸ்காவுக்கு ஆகாது. வீட்டில் சுடுவதானால் அளவு இது: 250 கிராம் கோதுமை மாவு, 125 மில்லி குளிர்ந்த தண்ணீர். எட்டு அப்பம் வரும். தானாக உப்பும் மாவு வேண்டாம். தண்ணீரை முந்தின இரவே பிடித்து மூடிவைத்து ஆறவிடுவது மரபு; வெதுவெதுப்பு புளிப்பை விரைவாக்கும். கடை மாவில் ஒரு சிக்கல் உண்டு: ஆலைகளில் பல, அரைப்பதற்கு முன் கோதுமையை ஈரப்படுத்துகின்றன. அதனால் கண்டிப்பானவர்கள் பஸ்காவுக்கென்றே காத்துவைத்த மாவை மட்டுமே ஏற்பார்கள், அல்லது பேக்கரியில் காவலோடு செய்த ஷ்முரா மத்சா வாங்குவார்கள்.

ஓவனை 250 டிகிரி செல்சியசில், உள்ளே கனமான தட்டோ சுடுகல்லோ வைத்து, குறைந்தது 30 நிமிடம் சூடாக்குங்கள். மாவுக்கட்டை, பலகை, முள்கரண்டி, கடிகாரம் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வந்த பிறகே தண்ணீரை ஊற்ற வேண்டும், ஏனென்றால் 18 நிமிடம் அந்த நொடியில் தொடங்குகிறது. கடைசி அப்பம் ஓவனுக்குள் போவதோடு அது முடிய வேண்டும்.

மூன்று நிமிடம் அழுத்திப் பிசைந்தால் போதும். எட்டு உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் 18 செ.மீ. அகலத்துக்கு, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். முள்கரண்டியால் ஒரு விரல் இடைவெளியில் மறுபக்கம் வரை துளை விழக் குத்துங்கள். சூடான தட்டில் இரண்டு நிமிடம், திருப்பிப் போட்டு ஒன்று முதல் இரண்டு நிமிடம். கம்பித்தட்டில் ஆறவிடுங்கள், அடுக்கி மூடினால் ஆவி இறங்கித் துவண்டுபோகும். ஒருவராகச் செய்தால் 18 நிமிடத்துக்குள் எட்டு தேய்ப்பது கடினம். பாதி அளவில் இரண்டு முறை செய்யுங்கள், அல்லது ஒருவர் தேய்க்க, ஒருவர் குத்த, ஒருவர் சுட என்று மூன்று பேர் நில்லுங்கள்.

அப்பம் பூரிபோல் உப்பினால் குத்தியது போதவில்லை. நடுவில் சவச்சவ என்று இருந்தால் கனமாகத் தேய்த்திருக்கிறீர்கள். தோல்போல் இழுத்தால் ஓவன் சூடு போதவில்லை. குறைந்த சூட்டில் நெடுநேரம் கிடந்து ஈரம் வற்றியிருக்கிறது. சுடும்போது மடிந்து ஒட்டிக்கொண்ட பகுதியையும் பெரிதாக உப்பிய பகுதியையும் யூத பேக்கரிகளில் உடைத்து ஒதுக்கிவிடுவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் கையையும் கட்டையையும் பலகையையும் கழுவித் துடையுங்கள். ஒட்டிக்கிடக்கும் பழைய மாவுத் துணுக்கு அடுத்த சுற்றைப் புளிக்க வைக்கும்.

எண்ணெய், முட்டை, தேன், பால் சேர்த்த குறிப்புகள் ஏராளம் கிடைக்கும். மற்ற நாட்களுக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். செடர் இரவின் அப்பத்தை உபாகமம் 16:3 சிறுமையின் அப்பம் என்கிறது. மாவும் தண்ணீரும் மட்டுமே. உப்புகூடச் சேர்ப்பதில்லை.

மேசை

செடர் தட்டில் இவை இருக்கும்: ஆட்டு முன்னங்கால் எலும்பு ஒன்று (நெருப்பில் வாட்டியது), வேகவைத்து வாட்டிய முட்டை, மாரோர் என்னும் கசப்புக் கீரை, ஹரோசெத், கர்பாஸ் என்னும் பச்சைக்கீரை. மாரோருக்கு ரோமெய்ன் லெட்யூஸ் அல்லது துருவிய ஹார்ஸ்ராடிஷ் வேர். ஹார்ஸ்ராடிஷைத் துருவும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள், கண் எரியும். முட்டை பண்டிகைப் பலியின் நினைவாக வைப்பது. அதற்கு வேத ஆதாரம் இல்லை என்று சில மேசியானியர் விட்டுவிடுகிறார்கள், இரண்டும் சரி.

ஹரோசெத்துக்கு மூன்று ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, 100 கிராம் வால்நட், ஒரு தேக்கரண்டி இலவங்கப்பட்டைத் தூள், ஒரு மேசைக்கரண்டி தேன், மூன்று மேசைக்கரண்டி திராட்சரசம் சேருங்கள். இரண்டு மணி நேரம் ஊறட்டும். அடிமைகள் மிதித்த களிமண்ணை நினைவுபடுத்துவது இது. நீர்த்துவிட்டால் மத்சாவில் நிற்காது.

ஒருவருக்கு நான்கு பாத்திரம். ஒவ்வொன்றும் குறைந்தது 86 மில்லி கொள்ள வேண்டும் என்பது பரவலான கணக்கு. பெரிய கோப்பை வைத்தால் இரண்டாம் பாத்திரத்திலேயே தலை சுற்றும். திராட்சைச் சாறு தாராளமாகப் போதும். மத்சா ஒருவருக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்குட்டி? உபாகமம் 16:5-6இன்படி பஸ்கா பலி கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்தில் மட்டுமே. கி.பி. 70இல் ஆலயம் அழிந்தபின் அது இல்லை. அதனால்தான் தட்டில் வெறும் எலும்பு. நாம் உண்பது பஸ்காவின் நினைவு விருந்து. ஆகவே வீட்டில் ஆட்டை அறுத்து நிலைக்கால்களில் இரத்தம் பூசுவது பக்தி அல்ல, கட்டளைக்கே முரண். ஆட்டிறைச்சி பரிமாறினால் குழம்பாக வையுங்கள்; முழுக்குட்டியை நெருப்பில் சுட்டு வைப்பது பலியைப் போலத் தோன்றும்.

இரவின் ஒழுங்கு

செடர் இரவில் வாசிக்கும் நூலான ஹகதாவில் 15 படிகள் உண்டு. இருட்டியதும் முதல் பாத்திரத்தை ஆசீர்வதித்துக் குடிப்பது, கை கழுவுவது, கீரையை உப்புநீரில் தோய்த்து உண்பது. அடுக்கிவைத்த மூன்று மத்சாவில் நடுவில் உள்ளதை உடைத்து, பெரிய பாதியை வெள்ளைத் துணியில் சுற்றி ஒளித்துவைப்பது, அதுதான் அஃபிகோமான். பிறகு கதை. வீட்டில் இளையவர் நான்கு கேள்வி கேட்க, பெரியவர்கள் பதில் சொல்வார்கள். பத்து வாதைக்கும் பாத்திரத்திலிருந்து பத்துத் துளி எடுத்துவிடுவார்கள். சங்கீதம் 113, 114 பாடி இரண்டாம் பாத்திரம். மறுபடி கை கழுவி மத்சாவுக்கான ஆசீர்வாதம்: "பாருக் அத்தா அதோனாய் எலோஹேனு மெலெக் ஹாஓலாம், ஹமோட்ஸி லெஹெம் மின் ஹாஅரெட்ஸ்." மத்சா, பின் மாரோர், பின் இரண்டும் சேர்த்து. சாப்பாடு. ஒளித்த அப்பத்தைப் பிள்ளைகள் தேடி எடுத்துவர, நள்ளிரவுக்கு முன் அதை எல்லாரும் பகிர்ந்து உண்பார்கள். அதற்குமேல் வேறு உணவு இல்லை. சாப்பாட்டுக்குப் பின்னான நன்றிசெலுத்தலோடு மூன்றாம் பாத்திரம், எலியாவுக்காகக் கதவைத் திறப்பது, சங்கீதம் 115 முதல் 118, நான்காம் பாத்திரம்.

கதைப் பகுதி 40 நிமிடத்தைத் தாண்டினால் குழந்தைகள் கைநழுவிப் போவார்கள். மாலை நான்கு மணிக்கே அவர்களைக் கொஞ்சம் தூங்கவையுங்கள். உப்புநீரில் தோய்க்கும் கட்டத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் நிறைய வைத்தால் பசி தாங்கும். சாப்பாடு வரும்வரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு கதை சொல்ல முடியாது.

மேசியாவை எங்கே சொல்வது? மூன்று இடம் போதும். இரத்தத்தையும் நிலைக்கால்களையும் வாசிக்கும்போது 1 கொரிந்தியர் 5:7. அஃபிகோமானை உடைத்துத் துணியில் சுற்றி மறுபடி வெளியே கொண்டுவரும்போது யேசுவாவின் சரீரம், அடக்கம், உயிர்த்தெழுதல். "போஜனம்பண்ணினபின்பு" எடுத்த பாத்திரம் என்று லூக்கா 22:20 சொல்வதை மூன்றாம் பாத்திரத்தில். ஒவ்வொரு கீரைத்துண்டுக்கும் ஒரு தீர்க்கதரிசனம் தேடினால் யாத்திராகமமே காணாமல் போகும்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நான்கு பாத்திரமும் பிள்ளைகளின் கேள்விகளும் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் ரபிமாரின் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. மூன்று மத்சாவை அடுக்கி நடுவில் உள்ளதை உடைத்து ஒளிப்பது அதில் இல்லை, அது பிந்தைய வழக்கம். யேசுவா கடைசி இராப்போஜனம் உண்ட மேல்வீட்டறையில் அப்படியேதான் நடந்தது என்று விருந்தினரிடம் சொல்லாதீர்கள். இந்த வடிவத்தை நூற்றாண்டுகளாகக் காத்தவர்கள் யூதர்கள், அவர்களில் பெரும்பாலோர் நம் விளக்கத்தை ஏற்பதில்லை. யூத நண்பர் மேசையில் இருந்தால், இது எங்கள் விசுவாசப்படியான வாசிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஏழு நாட்கள்

ரபிமார் கணக்கில் மத்சா உண்பது முதல் இரவில் மட்டும் கடமை. மற்ற நாட்களில் ஹாமேட்ஸ் தவிர்த்தால் போதும். லேவியராகமம் 23:6ஐ நேராக எடுத்துக்கொள்ளும் மேசியானியர் தினமும் கொஞ்சமாவது உண்கிறார்கள். மத்சாவைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து முட்டையோடு பொரித்தால் காலை உணவாகும். சுட்டு முடிந்த மத்சா நனைந்தாலும் புளிக்காது என்பதே பொதுவான தீர்ப்பு, ஹசிதிய யூதர்கள் சிலர் மட்டும் தவிர்ப்பார்கள். மூன்றாம் நாளில் மலச்சிக்கல் வரலாம். தண்ணீர், பழம், காய்கறியைக் கூட்டுங்கள்.

முதற்பலன் கதிர்க்கட்டைப் படைக்கும் நாளிலிருந்து பெந்தெகொஸ்தே வரை நாட்களை எண்ணுவது ஓமேர் எண்ணுதல். அதிலும் இரண்டு வழி. எண்ணத் தொடங்கும் நாளாகத் தோரா சொல்லும் "ஓய்வுநாளுக்கு மறுநாள்" என்பதைப் பரிசேய மரபு நிசான் 16 என்றது. சதுசேயரும், ரபிமார் மரபை ஏற்காத காராயரும் வார ஓய்வுநாளுக்கு அடுத்த ஞாயிறு என்றார்கள். 2026இல் முதல் கணக்கு ஏப்ரல் 2 இரவும், இரண்டாவது ஏப்ரல் 4 இரவும் தொடங்கும். 1 கொரிந்தியர் 15:20 முதற்பலன் என்று சொல்வதை வைத்து மேசியானியர் பலர் ஞாயிற்றை எடுக்கிறார்கள். எதை எடுத்தாலும் 50ஆம் நாளில் பெந்தெகொஸ்தே.

ஏழாம் நாள் செங்கடலைக் கடந்த நாள் என்பது மரபு. யாத்திராகமம் 15இன் பாட்டை அன்று வாசிப்பார்கள். அன்று இருட்டியதும் புளிப்பு மறுபடி வரலாம்.

நெடும்பயணத்தாலோ பிணத்தைத் தொட்ட தீட்டாலோ பஸ்காவைத் தவறவிட்டவர்களுக்கு எண்ணாகமம் 9:10-11 இரண்டாம் மாதம் 14ஆம் நாளைத் தருகிறது. 2026இல் அது மே 1 மாலை. புளிப்பில்லாத அப்பமும் கசப்புக் கீரையும் அன்று உண்டு. மறதியாலும் சோம்பலாலும் விட்டவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.