ஓடும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள்

அக்கா மகளுக்கு இரண்டரை வயது. போன பொங்கலன்று பட்டுப்பாவாடை கட்டி, கன்னம் இரண்டிலும் மரப்பட்டையை அரைத்த வெளிர்மஞ்சள் சாந்தான தனக்கா பூசி, படம் எடுக்க நாற்காலியில் ஏற்றி வைத்து, வீட்டில் இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் "இங்கே பாரு, சிரி, ஆடாதே" என்றோம். அவள் அழுததுதான் மிச்சம். பிறகு அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் நாங்கள் செய்த தவறு என்று புரிந்தது.

முதல் தவறு அந்த நாற்காலிதான். அந்த வயதுப் பிள்ளையால் அசையாமல் இருக்க முடியாது, அதை எதிர்பார்ப்பதே நியாயமில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். வாசல்படியில் ஏறிக் குதிக்கச் சொல்லுங்கள், குதித்த பிள்ளை மறுபடி அதே படிக்குத்தான் ஓடி வரும், பத்துத் தடவை வரும், நீங்கள் அந்தப் படிக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும். சிரிக்கச் சொல்லவே வேண்டாம், குதிக்கும்போது அதுவாகச் சிரிக்கும்.

அடுத்தது வெளிச்சம். மியான்மரில் யாங்கோன் நகருக்குள் இருக்கும் நம் வீடுகள் பெரும்பாலும் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை, முன்பக்க வராந்தாவில் மட்டும்தான் நல்ல வெளிச்சம், நடு அறை பகலிலேயே மங்கல், கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். அந்த நடு அறையில் படம் எடுத்தால் வெளிச்சம் போதாமல் போன் ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, மெதுவாக்கிவிடும், நைட் மோடு வேறு தானாக வந்துவிடும். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற முறை. கோபுரத்துக்கு நன்றாக இருக்கும், ஓடும் பிள்ளைக்கு ஆகவே ஆகாது, முகம் இரண்டாகத் தெரியும். அதை அணைத்துவிட்டுப் பிள்ளையை முன்பக்கம் கூட்டி வாருங்கள். வராந்தா உங்கள் முதுகுக்கோ பக்கவாட்டுக்கோ இருக்கட்டும், பிள்ளைக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப் போகும்.

கேமரா வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஆட்டோவில் விடுவதும், வெளிச்சத்துக்கு கேமரா எவ்வளவு கூர்மையாக இருக்கவேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவை ஏற்றப் பயப்படுவதும் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு ஷட்டர் வேகம் 1/60 நொடி போதும். நடக்கிற பிள்ளைக்கு 1/250, ஓடுகிற பிள்ளைக்கு 1/500, பர்மியப் புத்தாண்டான திஞ்சான் தண்ணீர் விளையாட்டில் துளிகளும் நின்று தெரிய வேண்டுமென்றால் 1/1000 வேண்டும். இதற்காக ஐஎஸ்ஓ 1600, 3200 என்று போனாலும் போகட்டும். படம் கொஞ்சம் புள்ளி தட்டினால் ஒன்றும் கெட்டுவிடாது, கலங்கிய முகத்தை எப்படியும் சரிசெய்ய முடியாது. வீட்டு விளக்கடியில் மட்டும் கவனம்: 50 ஹெர்ட்ஸ் கரண்டில் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும், ஷட்டர் மிக வேகமானால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். அதனாலும்தான் வராந்தா என்கிறேன். பிள்ளை ஒரே படிக்கு வராமல் அங்குமிங்கும் ஓடினால் ஃபோகஸையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்காதீர்கள், தொடர்ந்து பின்தொடரும் முறைக்கு மாற்றுங்கள், கேனானில் அதற்கு சர்வோ என்று பெயர், பழைய கேனான்களில் ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி.

தனக்கா பூசிய முகத்துக்கு ஃபிளாஷ் போடவே போடாதீர்கள். நம் பிள்ளைகளின் மாநிறக் கன்னத்தில் அந்த வெளிர்மஞ்சள் இலை வடிவம் எவ்வளவு அழகு, ஃபிளாஷ் பட்டால் அது வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஃபிளாஷ் இல்லாமலும் போன் முகத்தை வெளிச்சமாக்கப் பார்க்கும். திரையில் கன்னத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள், இலையின் கோடு தெரியும்வரை.

அப்புறம், நின்றபடியே கீழே பார்த்து எடுக்காதீர்கள். தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். லுங்கி அழுக்கானாலும் பரவாயில்லை, தரையில் உட்காருங்கள். முகத்துக்கு மிக அருகில் போனை நீட்டினால் மூக்கு பெரிதாகும், இரண்டடி தள்ளிப் போய் 2x லென்ஸில் எடுப்பது நல்லது. மழை விட்டபின் நவம்பர், டிசம்பர் மாதங்களில் கண்டாஜி ஏரிப் பக்கம் நாலரை மணி வெயில் பிள்ளைகள் முகத்தில் மெத்தென்று விழும். ஆனால் அங்கே தனியாகப் போய் எடுக்காதீர்கள். எடுப்பவர் கண் திரையில்தான் இருக்கும், தண்ணீர் ஓரம் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர் கட்டாயம் வேண்டும்.

தூக்கம் வரும் நேரத்திலும் பசி நேரத்திலும் ஆரம்பிக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு படம் எடுத்ததும் நன்றாக வந்ததா என்று திரையைக் குனிந்து பார்க்கிற பழக்கம்தான் எனக்கு விட மிகவும் கஷ்டமாக இருந்தது. நான் குனிந்த அந்த நொடியில்தான் அவள் பாட்டி கன்னத்தில் தன் தனக்காவை ஒட்டினாள். இப்போது அடுத்தடுத்து வேகமாக எடுக்கும் பர்ஸ்டில் வைத்துப் பத்துப் பதினைந்தாக எடுத்துக்கொண்டே போகிறேன், பிள்ளை தூங்கியபிறகு கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனை சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். இருநூறில் ஐந்து தேறும். அந்த ஐந்தையும் பாட்டிக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியை அழித்துவிடுகிறேன்.