தேன்மெழுகில் மெழுகுதிரி: அச்சில் ஊற்றும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வீட்டில் மெழுகுதிரி செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது அச்சைத்தான். பூ வடிவம், தேவதை வடிவம் என்று ஆன்லைனில் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். ஆனால் ஒரு மெழுகுதிரி புகைந்தாலோ, படபடவென்று பொரிந்தாலோ, பாதியில் அணைந்தாலோ அதற்கு அச்சு காரணமாக இருப்பது அபூர்வம். மெழுகு சுத்தமாக இல்லை, அல்லது உள்ளே இருக்கும் நூல் பொருந்தவில்லை. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

குமரி மாவட்டத்தில் மெழுகுக்குப் பஞ்சமில்லை. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் தேனீ வளர்ப்பைப் பரப்பியதிலிருந்து, சுற்றுவட்டாரத்தில் அது வீட்டுத்தொழிலாகவே இருந்து வருகிறது. ரப்பர் தளிர்விடும் தை, மாசி, பங்குனியில் தேன் வரத்து அதிகம். (ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இளம் இலையின் காம்பில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருகிறது. உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்கு இது ஆச்சரியம்.) தேன் எடுக்கும்போது தேனறைகளின் மேலிருந்து சீவிப்போடும் மூடிமெழுகுதான் மெழுகுதிரிக்கு முதல் தரம். புழு வளர்ந்து கறுத்துப்போன பழைய தேனடையில் கூட்டுப்புழுவின் உறையும் சக்கையும்தான் அதிகம். உருக்கினால் கிடைக்கும் மெழுகு கொஞ்சமாக இருக்கும், நிறமும் மங்கல்.

முதல் தவறு இங்கேயே தொடங்கிவிடும். அடையைச் சாக்கில் கட்டி, “அப்புறம் உருக்கிக்கொள்ளலாம்” என்று மூலையில் போடுவது. நம் ஊர் ஈரத்தில் மெழுகு அந்துப்பூச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மழைக்காலம் தொடங்குவதற்குள் சாக்குக்குள் வலையும் எச்சமும்தான் மிஞ்சும். தேன் எடுத்த கையோடு உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரிதாக இருக்காது.

உருக்கும் முன் அடையைப் பச்சைத் தண்ணீரில் அலசித் தேனைப் போக்க வேண்டும். மெழுகில் தேன்துளி இருந்தால் சுடர் பொரியும். அலசிய தண்ணீரை முற்றத்தில் திறந்து வைக்காதீர்கள். பக்கத்துக் கூடுகளின் தேனீக்கள் எல்லாம் வந்து மொய்க்கும்; கூட்டுக்குக் கூடு தேன் திருட்டும் நோயும் பரவ அதுவே வழியாகிவிடும்.

எந்தத் தண்ணீரில் உருக்குகிறோம் என்பதும் முக்கியம். சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்றுத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் மெழுகின் ஒரு பகுதி நுரைத்த பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதிலிருந்து மெழுகைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இதற்குக் கஷ்டமில்லை. இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். எவர்சில்வர் போதும். ஆனால் ஒரு பாத்திரத்தை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், திரும்பச் சமையலுக்கு எடுக்க முடியாது. உருகியதைப் பழைய பருத்தி வேட்டித்துணியில் வடிகட்டி ஆறவிட்டால், அழுக்கு மெழுகுக்கட்டியின் அடியில் தங்கும். அதைக் கத்தியால் சுரண்டி எறியுங்கள். ஒருமுறை வடித்தால் போதாது, இரண்டாவது முறையும் வடிகட்டியே ஆக வேண்டும்.

இப்படிச் சுத்தம் செய்த மெழுகை ஊற்றுவதற்காகத் திரும்ப உருக்கும்போது, பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். 85-ஐத் தாண்டினால் நிறம் மங்கத் தொடங்கும். இன்னும் சூடேறினால் மெழுகு கொதிக்காது. சத்தமில்லாமல் தீப்பிடிக்கிற அளவுக்குப் போய்விடும். ஆகவே தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி, சிறுதீயில் உருக்குங்கள். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். இன்னொன்று: தண்ணீரின் மேல் உறைந்த மெழுகை அப்படியே திரும்பச் சூடேற்றினால், அடியில் உண்டாகும் ஆவி மேல்மெழுகைப் பிளந்துகொண்டு தெறிக்கும். கட்டியை வெளியே எடுத்து, ஈரம் துடைத்து, உடைத்துப் போட்டு உருக்குங்கள்.

சரி, நூலுக்கு வருவோம். பூஜைக் கடையில் விற்கும் விளக்குத்திரியைப் போடுகிறவர்கள் நிறைய. அது எண்ணெயை உறிஞ்சுவதற்காகத் தளர்வாகத் திரித்தது. தேன்மெழுகு உருகினாலும் கெட்டியாகவே இருப்பதால் அதில் சீராக ஏறாது. சுடர் சிறுத்துவிடும், அல்லது நுனியில் கரி கட்டிப் புகையும். வேண்டியது பின்னிய பருத்தி நூல். பின்னல் நூல் எரியும்போது நுனி சற்று வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானே சாம்பலாகும். கடையில் விற்கும் பாரஃபின் (பெட்ரோலிய மெழுகு) மெழுகுதிரிக்குப் போடும் நூலைவிட ஒரு அளவு தடிமனாக எடுங்கள். ஊற்றும் முன் நூலை உருகிய மெழுகில் முக்கி, குமிழி அடங்கும்வரை வைத்து, நேராக இழுத்துக் காயவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் நூலில் உள்ள காற்றும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். எந்தத் தடிமன் பொருந்தும் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே அகலத்தில் மூன்று மெழுகுதிரி, மூன்று தடிமன் நூல் என்று செய்து எரித்துப் பாருங்கள். சுடரைச் சுற்றி ஆழக் குழி விழுந்தால் நூல் மெல்லியது. புகைந்து வழிந்தால் தடிமன் கூடிவிட்டது.

அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பப்பாளி இலைத்தண்டு நன்றாகவே வேலை செய்யும், உள்ளே ஈரம் இல்லாமல் துடைத்திருந்தால். சிரட்டையில் ஊற்றுவது பார்க்க அழகு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மெழுகு அடிமட்டத்துக்கு வந்ததும் சிரட்டையே பற்றிக்கொள்ளும். 70 முதல் 75 டிகிரியில் ஊற்றி, மின்விசிறிக் காற்று படாமல் துண்டு போட்டு மூடி, மெதுவாக ஆறவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் விரிசல் விடும். நூலைச் சுற்றி லேசாகக் குழிவது இயல்பு, அதற்காகக் கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்து இரண்டாவது தடவை ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் கலப்பது கிண்ணத்தில் ஊற்றுவதற்குச் சரி. நிமிர்ந்து நிற்க வேண்டிய மெழுகுதிரியை அது இளக்கிவிடும். கேசரிப்பவுடர் கலக்காதீர்கள், அது தண்ணீரில் கரைவது, மெழுகில் கரையாது. தேன்மெழுகுக்கு நிறமும் செண்டும் எதற்கு என்பதே என் கேள்வி.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கென்று செய்கிறவர்கள் ஒல்லியான மெழுகுதிரியைத் தவிர்க்கலாம். திறந்தவெளிக் காற்றில் சுடர் சாய்ந்து ஒருபக்கமாக வழிந்துவிடும். கண்ணாடிக் குடுவையில் ஊற்றியது நிற்கும். ஏற்றும் முன் நூலை அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விட்டு வெட்டிவிடுங்கள்.

சில வாரம் கழித்து மேலே வெள்ளைப் பூச்சு படிந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேன்மெழுகுக்கே உரியது அது. மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.