டெல்லி மனு: எந்த எம்.பி., எப்போது?

பட்டா, ரேஷன் கார்டு பிரச்சினைக்கு டெல்லி தேவையில்லை; திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் போதும். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால், பி.எஃப். போன்றவற்றுக்குத்தான் எம்.பி.

முதலில் தொகுதியைச் சரிபாருங்கள். மாவட்டத்தை வைத்து முடிவு செய்தால் தவறும்: மேட்டூர் இருப்பது சேலம் மாவட்டத்தில், மக்களவைக்கு அது தருமபுரித் தொகுதி.

பலர் மறப்பது மாநிலங்களவையை. தமிழ்நாட்டுக்கு அங்கே 18 பேர். தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ.க்கள், ஒரே நேரத்தில் 6 இடங்களுக்குத் தேர்தல் நடந்து 234 பேரும் வாக்களித்தால் 34 முதல் விருப்ப வாக்கு வாங்கியவர் ஜெயித்துவிடுவார். இவர்களுக்குத் தொகுதி கிடையாது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியை மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் செலவிடலாம். பென்னாகரத்துக்கோ தளிக்கோ ஒரு கட்டடம் வேண்டுமென்றால் இவர்களிடமும் கேட்கலாம்.

எம்.பி. அவையில் அப்படியே கேட்கும்படி மனுவைக் கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். "மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதைக்கு எவ்வளவு நிலம் எடுக்கப்பட்டது, எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது?" என்று கேட்டால் பதிலில் எண் வந்தாக வேண்டும். "ஆவன செய்க" என்று எழுதினால் பதிலும் அப்படித்தான் வரும். ஒரு கேள்வி, ஒரு அமைச்சகம். பத்துக் கோரிக்கையைத் திணித்த மனு எந்த அமைச்சகத்துக்கும் போகாது. கேள்விக்கு எம்.பி. குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே மனு அவர் கையில் இருக்கட்டும். அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி மக்களவையில் நாளுக்கு 20தான், அதுவும் குலுக்கலில். புள்ளிவிவரம்தான் வேண்டுமென்றால் எழுத்துப்பூர்வ பதிலே போதும்.

மசோதாவை எதிர்ப்பதென்றால் அது எந்த அவையில் நிற்கிறது என்று பாருங்கள். பண மசோதாவில் (வரி, அரசுச் செலவு போன்றவை மட்டுமே பற்றியது) மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரைதான் செய்யலாம். அதை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவை விருப்பம். சாதாரண மசோதாவை இரு அவையும் ஏற்க வேண்டும். முட்டுக்கட்டை வந்தால் இரு அவையும் சேர்ந்து அமரும் கூட்டுக் கூட்டம். 1961, 1978, 2002 என மூன்று முறைதான் அதில் மசோதா நிறைவேறியிருக்கிறது. அங்கே 543 பேர் கொண்ட மக்களவையின் கைதான் ஓங்கும். அரசியல் சாசனத் திருத்தத்துக்கு அந்த வழியே கிடையாது.

மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ளவை காலாவதி. 2010-இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 2014-இல் போனது அப்படித்தான்.

பொதுமக்களின் மனுக்களைப் பரிசீலிக்கும் மக்களவை மனுக்கள் குழுவுக்குத் தமிழில் எழுதினால், ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் இணைத்து, அதிலும் கையெழுத்திடுங்கள்.