பாபிலோனியா லார்வா வளர்ப்பு: தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது

உப்பளவு பார்க்க வேண்டும், தொட்டி கழுவ வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாபிலோனியா என்ற கடல் நத்தையை வளர்க்கப் புதிதாக வருபவர்கள், நாங்கள் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்களே என்ற எரிச்சலில் எழுதுகிறேன்.

பாசியை அள்ளி ஊற்றுவது

வேண்டாம். லார்வா தின்னாத பாசி அடியில் அழுகும்.

காற்றை வேகமாக விடுவது

வெலிஜர், அதாவது நீந்தும் பருவத்து லார்வா, அதன் ஓட்டில் தண்ணீர் சரியாக ஒட்டாது. குமிழியோடு மேலே வந்தால் நீர்ப்படலத்தில் சிக்கி அங்கேயே கிடந்து சாகும்.

"லார்வா எல்லாம் செத்துப் போச்சு"

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். பொரிந்து வரும்போது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெலம் என்ற மடல்களின் மயிரிழைகளால் நீந்திப் பாசி தின்னும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பீக்கரில் மொண்டு பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒரு பொரிப்பகத்தில் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு, தொட்டியே போச்சு என்று வால்வைத் திறந்துவிட்டார்கள். நான் போய்க் கடைசித் தண்ணீரை வலையில் பிடித்தால் அத்தனையும் குட்டி நத்தை, உயிரோடு ஊர்கிறது. அடியில் டார்ச் அடித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாகவில்லை ஐயா, மடல் சுருங்கித் தரைக்கு வந்துவிட்டது, அதோடு ஊனுண்ணியாகவும் மாறிவிட்டது. இவ்வளவு சட்டென்று எப்படி என்றால், நசாரியஸ் போன்ற ஊனுண்ணி நத்தைகளில் லார்வா பாசி தின்றுகொண்டிருக்கும்போதே பிற்காலத்துக்கான துதிக்குழலும் ராடுலா என்ற பல்வரிசை நாக்கும் உள்ளே தனியாக உருவாகிக்கொண்டிருக்கும் என்று கனடாவின் உயிரியலாளர் லூயிஸ் பேஜ் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

மாறிய பிறகும் பாசியையே ஊற்றினால் பட்டினிதான். பசித்தால் பக்கத்துக் குட்டியைத் தின்னும். அதனால் நுண்ணோக்கியில் லார்வாவின் பாதத்தைப் பாருங்கள்: கொஞ்சம் நீந்திக் கொஞ்சம் ஊர்ந்தால் நேரம் நெருங்கிவிட்டது. எல்லாம் ஒரே நாளில் மாறாது. ஊர்பவற்றை மட்டும் பிரித்து மெல்லிய மணலில் விட்டு, பொடியாக நறுக்கிய மீனோ இறாலோ கொடுத்து, மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே மீன் போட்டால் தண்ணீர் கெட்டு, நீந்திக்கொண்டிருப்பவையும் போய்விடும்.

குட்டிகள் சுவரேறுவதைக் கவனிக்காதது

தண்ணீருக்கு மேலே ஏறிக் காய்ந்துவிடும். சுவரை ஈரமாக வையுங்கள், ஏறியதைத் தள்ளிவிடுங்கள்.

சங்குக்கும் பாசி வளர்ப்பது

மன்னார் வளைகுடாச் சங்கும் ஊனுண்ணிதான், புழு தின்னும். ஆனால் அதற்கு நீந்தும் பருவமே இல்லை, முட்டைப்பையிலிருந்து குட்டிச் சங்காகவே ஊர்ந்து வரும். இனம் தெரியாமல் தொட்டி கட்டாதீர்கள்.