டெக்சாஸில் முதல் தீபாவளி: வாசல் விளக்குக்கும் பலகைக்கும் உள்ள விதிகள்

பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்காக டெக்சாஸ் போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் ஆடி மாதம் கூழ் ஊற்றினால் தெரு முழுக்க சீரியல் விளக்கு எரியும். டிசம்பர் பிறந்தால் மாடிக்கு மாடி காகித நட்சத்திரம் தொங்கும். அங்கேயோ சொந்த வீட்டு வாசலில் விளக்கு கட்டினாலும், விதியை மீறினீர்கள் என்று குடியிருப்புச் சங்கத்திடமிருந்து கடிதம் வரலாம். அதற்குப் பயந்து பண்டிகையையே வீட்டுக்குள் முடக்கிக்கொள்கிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு பயப்பட அதில் ஒன்றுமில்லை.

நடைபாதைக்கும் சாலைக்கும் இடையில் ஒரு புல் பட்டை இருக்கும். அந்தப் புல்லை வெட்டுவது நீங்கள்தான் என்றாலும், இடம் பெரும்பாலும் பொதுவழியைச் சேர்ந்தது. அங்கே தேர்தல் பலகையோ வாழ்த்துப் பலகையோ நட்டால் நகராட்சி பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். வீட்டை ஒட்டிய புல்வெளியில் நடுங்கள்.

அடுத்தது எச்.ஓ.ஏ. என்னும் வீட்டு உரிமையாளர் சங்கம், அதாவது ஒரு குடியிருப்பில் உள்ள வீடுகளுக்கெல்லாம் பொதுவாக விதி வகுக்கும் அமைப்பு. வீட்டை வாங்கும்போதே அதன் விதிகளுக்கும் நீங்கள் கட்டுப்பட்டுவிடுகிறீர்கள். குடிமக்கள் தங்கள் வீட்டில் பலகை வைப்பதை ஒரு நகரம் அடியோடு தடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் லடூ நகர வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு அரசு அமைப்புகளுக்குத்தான். சங்கம் தனியார் அமைப்பு என்பதால், அதனிடம் உங்களுக்குக் கைகொடுப்பது மாநிலச் சட்டம்.

டெக்சாஸ் சட்டம் இதில் தாராளமானது. தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து, தேர்தல் முடிந்து 10 நாள் வரை, வேட்பாளர் ஒருவருக்கு ஒரு பலகை வீதம் வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது. அளவு 4 அடிக்கு 6 அடியைத் தாண்டக் கூடாது. தரையில் நட்டதாக இருக்க வேண்டும். மதச் சின்னங்களுக்கு இதைவிட வலுவான பாதுகாப்பு உண்டு. முன்பு வாசற்கதவில் 25 சதுர அங்குலம் வரைதான் அனுமதி. 2021இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். பிள்ளையார் சிலையோ வேலோ சிலுவையோ உங்கள் மனையில் தாராளமாக வைக்கலாம். பொது இடத்திலோ, கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியிலோ, ஆபத்தான முறையிலோ மட்டும் வைக்காதீர்கள்.

சிக்கல் பண்டிகை விளக்குகளில்தான். பல சங்கங்களின் விதிகள் கிறிஸ்துமஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்குப் பிறகு கட்டலாம், ஜனவரியில் கழற்றிவிட வேண்டும் என்றிருக்கும். நம் தீபாவளியோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்து போய்விடுகிறது. ஆகவே செப்டம்பரிலேயே சங்க நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, இரவு எத்தனை மணிக்கு அணைப்பீர்கள் என்று தெளிவாக. தெருவில் உள்ள மற்ற இந்தியக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு, விதியில் தீபாவளியின் பெயரையே எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அப்படியும் கடிதம் வந்தால் நிதானமாகப் படியுங்கள். எந்த விதியை மீறினீர்கள், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். பல சமயம் உங்கள் வீட்டுப் புகைப்படமும் இருக்கும். டெக்சாஸில், அபராதம் போடும் முன் இப்படி எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள் நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கேட்கலாம். வாடகை வீடு என்றால் கடிதம் உரிமையாளருக்குத்தான் போகும். அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அரிசி மாவுக் கோலத்தை உங்கள் கார் பாதையில் தாராளமாகப் போடலாம். பெயின்டில் நிரந்தரமாக வரைவதென்றால் சங்கத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. கார்த்திகை அகலை மரத் தூண்களின் அருகே வைக்காதீர்கள், அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டத்தில் கட்டியவை. தோரணத்துக்கு ஆழமாகக் குழி தோண்டுவதென்றால், 811 எண்ணுக்கு அழைத்து நிலத்தடிக் குழாய்களைக் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இது இலவசம்.

பட்டாசு மட்டும் வேண்டாம். பெரும்பாலான நகர எல்லைகளுக்குள் அது குற்றம். தமிழ்ச் சங்கம் அனுமதி பெற்று வெடிக்கும் இடம் இருந்தால் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.