முழு ஸ்கேன் அறிக்கையில் தெரிந்த அமுங்கிய எலும்பு

ஏற்காட்டில் வசிக்கும் என் அம்மாவுக்கு முதுகுவலி நீடித்து, உயரமும் குறைந்திருந்தது. ஆனால் எலும்பின் அடர்த்தியை அளக்க சேலத்தில் எடுத்த டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் மதிப்பெண்) -1.2 என, லேசான குறைவாகவே வந்ததால், கால்சியம் மாத்திரையே போதும் என்றார்கள். மாத்திரையும் தைலமும் பலன் தரவில்லை.

இரண்டாவது கருத்துக்காகச் சென்ற நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், சுருக்கத் தாளை ஒதுக்கிவிட்டு, படங்களுடன் கூடிய முழு அறிக்கையை ஸ்கேன் மையத்தில் கேட்டு வாங்கிவரச் சொன்னார். அதில் கீழ்முதுகு எலும்புகளுள் ஒன்று மட்டும் அண்டை எலும்புகளைவிட மிக அடர்த்தியாகத் தெரிந்தது. நொறுங்கி அமுங்கிய எலும்பு சிறு பரப்பில் நெருங்கிவிடுவதால் சராசரியை உயர்த்திக் காட்டும்; எக்ஸ்ரே அதை உறுதிசெய்தது. தொடையெலும்புக் கழுத்தின் ஸ்கோரோ -2.7 ஆக இருந்தது; -2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் என்று பொருள். காரணம் தெரிந்ததே பெரும் நிம்மதி.

வைட்டமின் டி குறைவைச் சரிசெய்து, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும் பார்த்த பிறகே, எலும்புத் தேய்வைக் குறைக்க ஆண்டுக்கு ஒருமுறை செலுத்தும் சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை இரத்தநாளம் வழியே ஏற்றினார்கள்.