சிறை வகுப்பில் ஆங்கிலம்: தமிழின் வாலைப் பிடியுங்கள்

பினாங்கில் சிறைவாசிகளுக்கு எஸ்பிஎம் (மலேசியாவின் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? முதல் நாளே இலக்கணப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். 1119 என்ற எண் கொண்ட அந்த ஆங்கிலப் பாடத்தின் எழுத்துத் தாளில் முதல் கேள்வி, ஏறத்தாழ 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல்தான். வீட்டுக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் 'மை மதர் குக்' என்றே எழுதிக்கொண்டிருந்தார். மலாயில் யார் சமைத்தாலும் 'மாசாக்' மாறாது, அந்தப் பழக்கம். "நான் சமைக்கிறேன், அம்மா சமைக்கிறார். தமிழில் வால் மாறுகிறதல்லவா, அண்ணே?" என்றேன். சிரித்துக்கொண்டே 'குக்ஸ்' என்று திருத்தினார். ஆங்கிலத்தில் அந்த வால் நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமைக்கு மட்டுந்தான். தமிழைவிடச் சுலபம்!

கைப்பேசி வாசலோடு சரி. மாதிரி மின்னஞ்சல்களைத் தாளில் அச்சிட்டே கொண்டுபோங்கள்.